ஊஞ்சலுக்கு நாலு குஞ்சலம்

போன வாரம் கோயில் கூட்டத்தில் நான் எழுந்து நின்று பேசியதை ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். "என் வீட்டில் ஓர் ஊசியும் ஒரு முழம் நூலும் இருக்கிறவரை சுப்ரமணியர் ஊஞ்சலை வெளியாள் தொடமாட்டான்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

பங்குனி உத்திரத்தன்று எங்கள் தெருக் கோயிலில் சுவாமிக்குக் கல்யாணம். கல்யாணம் முடிந்ததும் இரண்டு தேவிமாரோடு ஊஞ்சல் ஏறுவார். அந்த ஊஞ்சலுக்குப் பட்டு நாடாவும் பூவும் கட்டுவது எங்கள் வீட்டு உரிமை. என் பாட்டன் கட்டினார், அப்பா கட்டினார், நான் கட்டுகிறேன். பிள்ளையார்பாளையத்தில் இதைத் தெரியாதவர் கிடையாது.

தெரிந்தும் தெரியாதது போல் நடந்துகொண்டவன் என் சித்தப்பா மகன் கலியன். இந்த வருஷம் விழாக் குழுச் செயலாளர். மெட்ராஸ் கல்யாண மண்டபம் ஒன்றில் தெர்மாக்கோல் மயிலும் ஓடி ஓடி எரியும் சீரியல் விளக்கும் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை. கடைசியில் கூட்டத்தில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். உத்திரத்துக்கு முதல் நாள் விளக்கு வைப்பதற்குள் எங்கள் அலங்காரம் ஊஞ்சலில் ஏறியிருக்க வேண்டும். ஏதாவது குறை என்றால் டெக்கரேஷன்காரன் மயிலோடு வந்து இறங்குவான். ஒரு தடவை இறங்கிவிட்டான் என்றால் அப்புறம் எல்லா வருஷமும் அவன்தான்.

அந்த முதல் நாள்தான் இன்று.

காலையில் காப்பி குடித்தவுடன் பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை என் மகன் மணிவண்ணன் இறக்கி வைத்தான். இறக்கினானே தவிர என் முகத்தைப் பார்க்கவில்லை. தறியிலிருந்து பழைய அடையைக் கழற்றிவிட்டு, துளை போட்ட அட்டையை வைத்துப் பூவேலை போடும் ஜக்கார்டு பெட்டி மாட்ட வேண்டும் என்று தை மாதத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். சேலையில் பூவேலை விழுவதற்காகக் கட்டிய கயிற்றுக் கட்டைத்தான் நாங்கள் அடை என்கிறோம். பெட்டி மாட்ட வேண்டுமென்றால் தறியில் கோத்திருக்கிற இழையை எல்லாம் அறுத்து எடுக்க வேண்டும். "ஓடுகிற தறியில் இழையை அறுப்பது என் வீட்டு வழக்கமில்லை" என்று நான் சொன்னேன். அதிலிருந்து அப்பனும் மகனும் என் மனைவி சம்பூர்ணத்தின் வழியாகத்தான் பேசிக்கொள்கிறோம்.

பெட்டியைத் திறந்தேன். நாடாச் சுருள்கள் நலமாக இருந்தன. நெய்து மிஞ்சிய ரவிக்கைத் துண்டுகள் ஒரு மூட்டை, அதுவும் நலம். அடியில் துணியில் சுற்றி வைத்திருந்த நாலு குஞ்சலங்களைப் பிரித்தபோது என் மடியில் உமி போல் ஏதோ கொட்டியது.

எலி.

அரக்குப் பட்டில் முழங்கை நீளத்துக்கு, கழுத்தில் ஜரிகை சுற்றிய குஞ்சலங்கள். ஊஞ்சலின் ஒவ்வொரு சங்கிலிக்கும் ஒன்று. மற்ற பூவெல்லாம் வருஷத்துக்கு வருஷம் மாறும், குஞ்சலம் மாறாது. தூரத்திலிருந்து பார்க்கிறவர்களும் அதை வைத்துத்தான் எங்கள் வீட்டு அலங்காரம் என்பார்கள்.

"ஐயோ, நல்லா மெத்தையாட்டம் கூடு கட்டிக்கினு குடும்பம் நடத்தியிருக்குது!" என்றாள் சம்பூர்ணம். 

"சிரிப்பதற்கு இதுவா நேரம்?"

"அழுதா மட்டும் நூலு ஒட்டிக்குமா? புதுசா கட்டினா ஆச்சு."

கூடத்தில் நாடா வெட்டிக்கொண்டிருந்த வள்ளி எழுந்து வந்தாள். என் மருமகள். ஐப்பசியில் கல்யாணமாகி வந்தவள். வாலாஜாபாத்தில் அவள் அப்பாவுக்கு அரிசி ஆலை. நெசவு தெரியாத வீட்டுப் பெண் என்று அப்போதே நான் தயங்கினேன். ஆனால் தையல் வகுப்பில் படித்த கை. ஒரு நாடாவைக் குறுக்கே மடித்து, விரலில் சுற்றி, அடியில் ஒரு தையல் போட்டால் ரோஜா நிற்கும். நேற்று ஒரே நாளில் ஒரு முறம் நிறையச் செய்து வைத்திருந்தாள். ஓரங்களுக்குக் கடை ரிப்பன் வேண்டும் என்று கேட்டபோதுகூட, விளிம்புக்கு மட்டும் என்று நான் இறங்கி வந்தேன்.

"மாமா, பஜார்ல அரக்குப் பட்டு நூலு கிடைக்குமே. நான் போயி வாங்கியாரட்டா?" என்றாள்.

"கடைப் பட்டு குஞ்சலத்துக்கு ஆகாது. நம் வீட்டுத் தறியில் ஏறிய பட்டாக இருக்க வேண்டும். தறி ஏறாத நூல் சாமி ஊஞ்சலில் ஏறாது. என் அப்பா காலத்திலிருந்து அதுதான்."

"தறியில ஏறின பட்டுன்னா எதுவா இருந்தாலும் சரியா மாமா?"

"எதுவாக இருந்தாலும். நிறம் அரக்காக இருக்க வேண்டும், அவ்வளவுதான்."

இதைச் சொன்னது நான்தான். பின்னால் நடந்ததைப் படிக்கும்போது அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தறியில் அரக்குப் பாவு, அதாவது நீள இழை, ஓட்டிய பங்காளி வீடுகளில் கழிவு நூல் கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்க நினைத்தேன். ஆனால் கலியனுக்குத் தெரியாமல் எந்தப் பங்காளி வீட்டில் கேட்பது? முதலில் பூவை வாங்கி வருவோம், நடக்கும்போது வழி தோன்றும் என்று கிளம்பினேன்.

பூக்கடைச் சத்திரத்தில் நுழையும்போதே மரிக்கொழுந்து வாசனை வந்து இடித்தது. கடைக்காரப் பட்டம்மாள் என்னைக் கண்டதும் எழுந்தாள்.

"வாங்க, ஊஞ்சல்காரரே! என்னவோ இந்த வருசம் கரண்டு மயிலு வருதாமே, நம்ம பூவுக்கு வேலையில்லியாமே?"

"யார் சொன்னது?"

"ஊரே சொல்லிக்கினு இருக்குது. எனக்கு என்னா, மயிலு மல்லிப்பூ வாங்காதேன்னு கவலை."

"இருவாட்சி, மல்லிகை, மரிக்கொழுந்து. போன வருஷம் போலவே. வாடினது ஒன்றுகூட இருக்கக் கூடாது."

"வாடினதை உங்க கையில குடுத்துட்டு நான் இந்த ஊர்ல இருக்க முடியுமா?" என்று சொல்லிக்கொண்டே ஈரச் சாக்கில் கட்டிக் கொடுத்தாள்.

ஊரே சொல்லிக்கொண்டிருக்கிறதாம். வெயில் உச்சந்தலையில் இறங்கியது. ரிக்‌ஷா வைக்காமல் நடந்தே வந்தேன். குஞ்சலத்துக்கு வழி ஒன்றும் தோன்றவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டேன்.

கூடத்தின் குறுக்கே கட்டிய கயிற்றில் நாலு குஞ்சலங்கள் தொங்கின. நல்ல அரக்கு. பழையவற்றைவிட ஒரு பிடி கனம். கழுத்தில் ஜரிகை இடைவெளி இல்லாமல் சுற்றியிருந்தது. அடி நுனி கத்தரித்த இடம் மட்டம் பார்த்தது போல் இருந்தது. ஒவ்வொன்றின் தலையிலும் வள்ளியின் ரோஜா ஒன்று, பாதி விரிந்தாற்போல.

எனக்கு வாயில் வார்த்தை சுலபத்தில் வராது. "பரவாயில்லை" என்றேன். 

"பாத்தியாடி, உங்க மாமாகிட்ட 'பரவாயில்லை' வாங்கிட்டே! எனக்கு அது கிடைக்க ரெண்டு புள்ள பெக்க வேண்டியிருந்திச்சு" என்றாள் சம்பூர்ணம்.

வள்ளி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

"பட்டு எங்கே கிடைத்தது?"

"நம்ம தறியிலதான் மாமா. அதுல கொஞ்சம் தொங்கிக்கினு இருந்திச்சே, அரக்கு. சேலை அறுத்துட்டு மிச்சம் விட்டிருந்தாங்களே, அது."

பூ மூட்டையை எங்கே வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

நெசவு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாவு முடிந்து கடைசிச் சேலையை அறுத்த பிறகு தறியில் இரண்டு முழம் இழை மிஞ்சும். பார்ப்பவர்களுக்கு அது கழிவு மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்த இழைகள்தான் அச்சின் பல்லிலும் விழுதின் கண்ணியிலும் ஒவ்வொன்றாகக் கோத்து நிற்கின்றன. புதுப் பாவு வந்ததும் அதன் இழையைப் பழைய இழையோடு ஒன்றுக்கு ஒன்று முறுக்கிப் பிணைத்து இழுத்துவிட்டால் தறி மறுபடி ஓடும். அந்த மிச்சத்தை உருவிவிட்டால் ஆயிரக்கணக்கான இழைகளை முதலிலிருந்து கோக்க வேண்டும். அதனால்தான் எந்த நெசவாளன் வீட்டிலும் கைக்குழந்தைகூடத் தறியில் தொங்கும் நூலைத் தொடாது.

தறி இருந்த அறைக்குப் போனேன். அச்சு வெறுமையாக இருந்தது. என் ஆயுளில் அந்தத் தறியை அப்படி நான் பார்த்ததில்லை.

நெய்கிறவன் காலை இறக்கி உட்காரும் தறிக் குழியின் ஓரத்தில் மணிவண்ணன் உட்கார்ந்திருந்தான். 

"நைனா, அவளைத் திட்டாதீங்க. அவளுக்குத் தெரியாது" என்றான். மாதக்கணக்கில் அவன் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

பின்னால் வள்ளி வந்து நின்றிருந்தாள். என் முகமும் அவன் முகமும் அவளுக்குப் பாதி சொல்லியிருக்க வேண்டும்.

"மாமா, தறியில ஏறின பட்டு எதுவா இருந்தாலும்னு சொன்னீங்களே..."

சொன்னேன். மறுக்க முடியுமா?

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது.

"அண்ணே! இருக்கிறியா? எலி பூந்து எல்லாத்தையும் தின்னுட்டுதாமே? சேதி வந்திச்சு. அதான் மயிலை ஏத்தச் சொல்லிடலாமான்னு கேட்டுப் போக வந்தேன்."

கலியன்! எலி தின்ற செய்தி மதியத்துக்குள் நாலாவது வீட்டுக்குப் போய்விட்டது. இந்தத் தெருவுக்குத் தொலைபேசி எதற்கு?

கூடத்துக்கு வந்தவன் குஞ்சலங்களைப் பார்த்து மயிலை மறந்துவிட்டான். அதில் எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம். ஆனால் அவனும் தறியில் பிறந்தவன். ஒரு குஞ்சலத்தை உள்ளங்கையில் ஏந்தி நூலை விரலால் நீவினான்.

"இது கழிவு நூலு இல்லியே அண்ணே. ஒரே நீளம், ஒரே முறுக்கு. பாவு நூலாச்சே!" என்றபடி கழுத்தை நீட்டித் தறி அறைக்குள் பார்த்தான்.

அவன் கண் வெறும் அச்சில் விழுந்ததை நான் பார்த்தேன். அங்கிருந்து அது வள்ளியின் கையிலிருந்த கத்தரிக்கோலுக்கு வந்தது. அவன் உதடு கோணத் தொடங்கியது.

"யாருப்பா இந்த வேலை பண்ணினது?"

அந்த ஒரு கேள்வி தெருவில் எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும். விளக்கு வைப்பதற்குள், ஏகாம்பரம் வீட்டு மருமகள் தறியை அறுத்துவிட்டாள் என்பார்கள். நாளைக்குக் கோயிலில் அவளைக் கைகாட்டுவார்கள். அவளுக்குப் பிறக்கப் போகிற பிள்ளை காதுகுத்துக்குக்கூட அதே பேச்சு வரும். ஊஞ்சலில் குஞ்சலம் தொங்கும், ஆனால் அதைப் பார்த்து ஊர் சிரிக்கும். அதற்கு மயிலே மேல்.

நான் பொய் பேசுகிறவன் இல்லை.

"நான்தான் அறுக்கச் சொன்னேன்" என்றேன்.

கலியன் திரும்பினான். மணிவண்ணனும் திரும்பினான். சம்பூர்ணம் மட்டும் பூ மூட்டையைப் பிரிப்பதில் மும்முரமாக இருந்தாள்.

"நீயா? தறியில இழை அறுந்தா மூணு நாளு சோறு எறங்காதே உனக்கு!"

"ஜக்கார்டு பெட்டி மாட்டப் போகிறோம். எப்படியும் பழைய இழையை எடுத்தாக வேண்டும். எடுப்பதைச் சாமிக்கு எடுப்போம் என்று சொன்னேன். இதில் உனக்கு என்ன சந்தேகம்?"

"ஜக்கார்டா? போன மாசம் என் வீட்டு வாசல்ல நின்னுக்கினு, பெட்டி மாட்டுறவன் நெசவாளியே இல்லைன்னு பேசினியே அண்ணே!"

"பேசினேன். உன் பெட்டியைப் பார்த்துப் பேசினேன். என் மகன் மாட்டுவதைப் பார்த்துவிட்டு மறுபடி பேசுகிறேன்."

கலியன் மணிவண்ணனைப் பார்த்தான். "அப்படியாப்பா?"

"ஆமா சித்தப்பா" என்றான் மணிவண்ணன். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. பிள்ளைக்குச் சிரிப்பா அழுகையா என்று அப்பனாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

"மயிலுக்குச் சொல்லிட்டேனே..." என்று கலியன் இழுத்தான்.

"மயிலைக் கோயில் வாசலில் நிறுத்து. வருகிறவர்களைப் பார்த்து அகவட்டும். ஊஞ்சல் பக்கம் வரக் கூடாது" என்றேன்.

"மாமா, மோர் குடிச்சிட்டுப் போங்க" என்று வள்ளி அவனுக்கு டம்ளரை நீட்டினாள். கத்தரிக்கோல் அவள் கையில் இல்லை. அதை எப்போது மறைத்தாள் என்று தெரியவில்லை. கெட்டிக்காரி.

அவன் போன பிறகு எல்லோரும் கூடத்தில் வேலையில் இறங்கினோம். பேச நேரமில்லை. வள்ளி நாடாவைச் சுற்ற, சம்பூர்ணம் பூத் தொடுக்க, மணிவண்ணன் ஊஞ்சல் பலகைக்கு அளவெடுத்த மூங்கில் வளைவில் ரோஜாக்களைத் தைத்துக்கொண்டு போனான். மயில் கழுத்து நிறத்தில் ஒரு நாடா, மாம்பழ நிறத்தில் ஒரு நாடா. இரண்டும் சங்கிலியில் எதிர் எதிராக ஏறி, சந்திக்கிற இடத்தில் எல்லாம் ஒரு கொத்து மரிக்கொழுந்து. விளிம்பில் மட்டும் கடை ரிப்பன். நான் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து கோணலைச் சொன்னேன். கோணல் அதிகம் இல்லை.

"நைனா, இந்த மடிப்பு சரியா பாருங்க" என்று மணிவண்ணன் இரண்டு தடவை கேட்டான். சரியாகத்தான் இருந்தது. அது அவனுக்கும் தெரியும்.

வெயில் தாழ்ந்ததும் வளைவைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனோம். மகன் முன்னால், நான் பின்னால், நடுவில் பூ. தெருவில் பாவு விரித்திருந்தவர்கள் ஓரம் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

சங்கிலியில் கடைசிக் குஞ்சலம் ஏறியபோது குருக்கள் விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கலியன் பலகையை லேசாக ஆட்டிவிட்டான். நாலு குஞ்சலமும் ஒரே சமயத்தில் போய் ஒரே சமயத்தில் திரும்பின.

"சரி, கனம் சரியாத்தான் இருக்குது" என்றான். அவன் வாயிலிருந்து அது வந்தால் போதும். கூட்டத்தில் எவனோ, "வருசா வருசம் எலி தின்னா நல்லாயிருக்கும்போல!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் மீசைக்குள் சிரித்தேன்.

வாசலில் அந்த மயில் சிவப்பும் பச்சையுமாக எரிந்து அணைந்துகொண்டிருந்தது. குழந்தைகள் அதைச் சுற்றி நின்றார்கள். இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் காலித் தகரப் பெட்டியைப் பரணில் வைக்க நானே ஏணியில் ஏறினேன். எலி நுழைய வேறு வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

பெட்டியை உள்ளே தள்ளினேன். எதிலோ இடித்தது. மெத்தென்றிருந்தது. கிளிப்பச்சைத் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம். அவிழ்த்தேன்.

என் அடை!

தறியிலிருந்து கழற்றிய கயிற்றுக் கட்டு. அப்பா காலத்து அன்னப்பட்சிப் பூவேலை அதில்தான் இருக்கிறது. தறி அறையில் நான் வெறும் அச்சை மட்டும் பார்த்து நின்றதில், மேலே அடை இல்லாததைக் கவனிக்கவே இல்லை. ஒரு கயிறு குழம்பவில்லை. வரிசை மாறாமல் சீப்பால் வாரினது போல் படிந்து, பிடி பிடியாகப் பிரித்து, ஒவ்வொரு பிடிக்கும் ஒரு முடிச்சு. நாளைக்கே வேறொரு தறியில் மாட்டலாம். மிச்ச நூல் என்று நினைத்துக் கத்தரிக்கோலை வைத்த பெண் இதைச் செய்ய மாட்டாள். செய்யத் தெரியாது. இது நெசவாளி வீட்டில் பிறந்து, நெசவாளி வீட்டில் வாழ்க்கைப்பட்ட கை.

சுற்றியிருந்த கிளிப்பச்சைத் துணியையும் எனக்குத் தெரியும். போன பொங்கல்வரை சம்பூர்ணம் கட்டிய சேலை.

முடிச்சைப் பழையபடியே போட்டேன். துணியைப் பழையபடியே சுற்றினேன். இறங்கினேன்.

சம்பூர்ணம் காப்பியோடு ஏணியடியில் நின்றிருந்தாள். 

"எலி வழி கிடைச்சுதாங்க?"

"கிடைத்தது."

"பெரிய எலியா?"

"இந்த வீட்டுக்கு வந்து முப்பது வருஷமான எலி."

அவள் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. டம்ளரை ஆற்றிக் கையில் கொடுத்தாள். காப்பியில் சர்க்கரை எப்போதும் போலச் சரியாக இருந்தது.

"அப்புறம் அந்த அன்னப்பட்சியை எதற்குப் பத்திரம் பண்ணினாய்? பெட்டி மாட்டின தறியில் அதற்கு இனி வேலை இல்லையே" என்றேன்.

"பின்கட்டுல எடம் சும்மாதானே கிடக்குது. இன்னொரு தறி போட்டா போச்சு."

"போடலாம். மணிவண்ணனுக்கு இரண்டு கை. ஒரு தறிக்குத்தான் காணும். நான் குழியில் இறங்கி வருஷமாகிறது. இரண்டாவது தறியில் யார் உட்காருவது?"

எங்கள் வீட்டில் பெண்கள் நூல் சுற்றுவார்கள், இழை பிணைப்பார்கள், கரை பிடிப்பார்கள். தறிக் குழியில் இறங்கியதில்லை. என் பாட்டன் காலத்திலிருந்து இல்லை. அது சம்பூர்ணத்துக்கும் தெரியும்.

அவள் தறி அறைப் பக்கம் தலையைத் திருப்பினாள். நானும் திரும்பினேன்.

வாசல் விளக்கு வெளிச்சத்தில் மணிவண்ணன் குழிக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். குழிக்குள், காலைத் தறியின் மிதிகட்டையில் வைத்துப் பார்த்தபடி, வள்ளி உட்கார்ந்திருந்தாள்.